புது ஃபர்னஸுக்கு முன்னால் சிம்னியைப் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய ரோ ஹவுஸ், அதாவது வரிசை வீடு, வாங்கப் போகிறவர்கள் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பற்றி என்னிடம் முதலில் கேட்பது, "ஃபர்னஸ் எத்தனை வருஷப் பழசு, மாற்ற வேண்டி வருமா?" என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். அந்த ஃபர்னஸின் புகை எந்த வழியாக வெளியே போகிறது? அது எரிவதற்கான காற்று எங்கிருந்து வருகிறது? இந்த இரண்டும் தெரியாமல் ஃபர்னஸின் வயதைப் பேசிப் பலனில்லை. சுற்றிலும் காலி இடம் உள்ள தனி வீட்டில் இதற்கு எப்படியாவது ஒரு வழி கிடைத்துவிடும். இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர் ஒட்டி நிற்கும் வீட்டில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

நான் குடியிருப்பது முதல் உலகப் போருக்கு முன்னால் கட்டிய செங்கல் வரிசை வீடு. வரிசையில் நடுவில் இருக்கிறது. அகலம் 14 அடி, நீளம் 40 அடி, பேஸ்மென்ட்டின் உயரம் 7 அடி. ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், துணி துவைக்கும் இயந்திரம், உலர்த்தும் இயந்திரம் எல்லாம் அந்தப் பேஸ்மென்ட்டில்தான். நான் இந்தத் தொழில் படித்தவள் இல்லை. ஆனால் பல குளிர்காலங்கள் இந்த வீட்டோடு இருந்து, வந்த ஒவ்வொரு மெக்கானிக்கையும் கேள்வி கேட்டு, அவர்கள் திறந்த ஒவ்வொரு மூடிக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் சிம்னியின் கதை. பால்டிமோரிலும் பிலடெல்பியாவிலும் தெருத்தெருவாக நிற்கும் பழைய வரிசை வீடுகள் பெரும்பாலும் நிலக்கரி எரித்த காலத்தவை. பல வீடுகளில் முன்பக்க நடைபாதையை ஒட்டி ஒரு சின்ன இரும்பு மூடியை இன்றும் பார்க்கலாம். அதன் வழியாகத்தான் கரியைக் கீழே கொட்டினார்கள். அன்றைய ஃபர்னஸில் விசிறி கிடையாது. சூடான காற்று மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், அவ்வளவுதான் அதன் தத்துவம். நடுவில் பெரிய இரும்பு உருளை, அதிலிருந்து எல்லாத் திசைக்கும் தடித்த குழாய்கள். பார்ப்பதற்கு அப்படி இருந்ததால் ஆக்டோபஸ் என்றே பெயர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பல வீடுகளில் கரிக்குப் பதில் எண்ணெய் வந்தது, அப்புறம் கேஸ் வந்தது. ஒவ்வொரு முறையும் இயந்திரத்தைத்தான் மாற்றினார்கள். சிம்னி அப்படியே நின்றது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கரிப்புகை கடும் சூடானது. அதற்காகக் கட்டிய புகைவழி அகலமானது. உள்ளே வெறும் செங்கல், சுண்ணாம்புக் கலவை. களிமண் ஓட்டுக் குழாய் பதித்துக் கட்டும் வழக்கம் பரவலானது பிறகுதான். கேஸ் புகை சூடு குறைந்தது, அதோடு ஈரமானது. ஒரு தெர்ம் கேஸ், அதாவது 1,00,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) தரும் அளவு எரிந்தால், ஒரு கேலனுக்கு மேல் தண்ணீர் ஆவியாகப் புகையோடு போகிறது. இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு நம்ப முடியவில்லை. மீத்தேனில் உள்ள ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர்தானே வரும் என்று யோசித்த பிறகுதான் மனதில் உறைத்தது. அந்த ஆவி அகலமான, குளிர்ந்த சிம்னிக்குள் மெதுவாக ஏறும்போது பாதி வழியிலேயே குளிர்ந்து சுவரில் வேர்க்கும். அந்த ஈரத்தில் லேசான அமிலம் இருக்கும். சுண்ணாம்புக் கலவைக்கு அமிலம் ஆகவே ஆகாது. வருடக்கணக்கில் உள்ளிருந்து அரித்துக்கொண்டே வரும், வெளியே ஒன்றும் தெரியாது.

தெரிகிற ஒரே இடம் சிம்னியின் அடியில் உள்ள சின்ன வார்ப்பிரும்புக் கதவு. என் வீட்டில் அது ஃபர்னஸுக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருக்கிறது. மெக்கானிக் அதைத் திறந்தபோது உள்ளே குவியலாக மணல். வெளிர்சாம்பல் நிறம், ஈரமாக, கையில் எடுத்தால் ஒட்டியது. நடுநடுவே செங்கல் சில்லுகள், துருப்பிடித்த தகட்டின் தூள். கையகலக் கண்ணாடியை உள்ளே சாய்த்து டார்ச் அடித்துக் காட்டினார். செங்கல் வரிசைகளுக்கு நடுவில் இருக்க வேண்டிய கலவை பல இடங்களில் விரல் நுழையும் ஆழத்துக்குக் காணாமல் போயிருந்தது. "இந்த மணல் எல்லாம் அங்கே இருக்க வேண்டியது" என்றார். அதற்கு மேல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து குளிர்காலம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் அந்தக் கதவைத் திறந்து பார்க்கிறேன். சுத்தம் செய்து மூடிய இடத்தில் மறுபடி மணல் விழுந்திருந்தால் மேலே எங்கோ உதிர்கிறது என்று அர்த்தம்.

வரிசை வீட்டில் இது உங்கள் சிம்னியோடு முடிவதில்லை. பல இடங்களில் இரண்டு வீட்டுச் சிம்னிகளும் பொதுச் சுவரில் முதுகோடு முதுகாக நிற்கின்றன. கூரைக்கு மேல் ஒரே கட்டடமாகத் தெரியும். உள்ளே இரண்டு புகைவழிகள், நடுவில் ஒரு செங்கல் கனத்தில் தடுப்பு. அந்தத் தடுப்பில் கலவை உதிர்ந்தால் பக்கத்து வீட்டுப் புகை உங்கள் புகைவழிக்குள் வரும், உங்களுடையது அங்கே போகும். உங்கள் ஃபர்னஸ் அணைந்திருக்கும் நேரத்தில் உங்கள் சிம்னி குளிர்ந்து, காற்று கீழ்நோக்கி இறங்கினால், பக்கத்து வீட்டுப் புகை உங்கள் பேஸ்மென்ட்டில் வந்து இறங்கலாம். உங்கள் வீட்டுக் கருவிகள் எல்லாம் பழுதில்லாமல் இருக்கும்போதே இது நடக்கலாம் என்பதுதான் இதில் ஆபத்து.

அதனால் சிம்னிக்குள் கேமரா விட்டுப் பார்க்க ஆள் வரச் சொன்னபோது பக்கத்து வீட்டு அம்மாவிடமும் பேசினேன். எழுபது தாண்டியவர், தனியாக இருக்கிறார். "என் ஃபர்னஸ் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று முதலில் தயங்கினார். நடுத் தடுப்பைப் பற்றிச் சொன்னதும் சம்மதித்தார். ஒரே நாளில் இரண்டு வீட்டுப் புகைவழிகளையும் பார்த்தோம். இரண்டாவது மாடி உயரத்தில் தடுப்பில் ஒரு செங்கல் பாதி நகர்ந்திருந்தது, திரையில் தெளிவாகத் தெரிந்தது. அவர் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமும் இப்படித்தான் இருந்ததா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல அங்கே யாராலும் முடியவில்லை. அந்தக் குளிர்காலம் தொடங்கும் முன்பே இருவரும் உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்கிவிட்டோம். புகை இப்போது செங்கலைத் தொடாமல் குழாய்க்குள்ளேயே மேலே போகிறது. குழாயின் அளவை கருவிகளின் பி.டி.யு., சிம்னியின் உயரம் இரண்டையும் வைத்து அட்டவணை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கண்ணால் பார்த்து "இது போதும்" என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

கார்பன் மோனாக்சைடு பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அலாரம் எல்லா மாடியிலும் இருக்க வேண்டும், படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கட்டாயம் வேண்டும். அது எப்போது அடிக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் அலாரங்களுக்கான தரவிதிப்படி, காற்றில் 70 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) இருந்தால் அடிக்க ஒரு மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரம் வரை ஆகலாம். 400 பி.பி.எம். இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும். 30 பி.பி.எம். அளவில் நாள்கணக்கில் அடிக்காமலே இருக்கும். ஆகவே அலாரம் அமைதியாக இருக்கிறது என்பதை வைத்து எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், வெளியே போனால் சரியாகிறது என்றால் உடனே எல்லோரும் வெளியே வந்து அவசர உதவி எண் 911ஐக் கூப்பிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே காரணம் தேட வேண்டாம். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. பின்பக்கம் தேதி போட்டிருக்கும், அது தாண்டியதை மாற்றிவிடுங்கள்.

போன குளிர்காலத்தில் தோழியின் தம்பி ஒருவன் கூப்பிட்டான். அவனும் பழைய வரிசை வீடுதான் வாங்கியிருந்தான். "அக்கா, புது ஃபர்னஸ் போட்டாச்சு, 96 சதவீதம் திறன். அது பிளாஸ்டிக் குழாய் வழியா பின்பக்கம் போயிடுது. இனிமே சிம்னிக்கும் எனக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"வாட்டர் ஹீட்டர் எங்கப்பா புகை விடுது?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சிம்னியிலதான்" என்றான்.

இது பலர் கவனிக்காமல் விடும் விஷயம். முன்பு பழைய ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் ஒரே சிம்னியில் புகை விட்டன. ஃபர்னஸின் சூடுதான் சிம்னியைக் கதகதப்பாக வைத்து இழுவை கொடுத்தது. ஃபர்னஸை எடுத்துவிட்டால் சின்ன வாட்டர் ஹீட்டர் அந்தப் பெரிய சிம்னியில் தனியாக நிற்கிறது. அதனால் அதைச் சூடாக்க முடியாது. புகை பாதியில் குளிர்ந்து வேர்க்கும், சில சமயம் திரும்பி வீட்டுக்குள்ளேயே வழியும். இதற்கு ஒரு விதி இருக்கிறது. இப்படித் தானாக மேலே ஏறும் புகைக்குச் சிம்னியின் உள் பரப்பு, கருவியின் புகைவாய்ப் பரப்பைப் போல் ஏழு மடங்குக்கு மேல் இருக்கக்கூடாது. வாட்டர் ஹீட்டரின் புகைவாய் 4 அங்குலக் குழாய் என்றால் பரப்பு சுமார் 12.5 சதுர அங்குலம், ஏழு மடங்கு 88. கரிக்காலத்துச் சிம்னி 12க்கு 12 அங்குலம் இருந்தால் 144. கணக்கு அங்கேயே இடிக்கிறது. அவன் மறுநாளே வாட்டர் ஹீட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதன் மேலே உள்ள தகட்டுக் குடையின் ஓரத்தில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தான். கண்ணாடி மங்கியது, புகை வெளியே வழிகிறது என்று அர்த்தம். சிம்னிக்குள் சின்னக் குழாய் இறக்கிய பிறகு சரியாயிற்று. ஃபர்னஸ் விற்ற கம்பெனி இதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது.

அந்தப் பிளாஸ்டிக் குழாயும் வரிசை வீட்டில் சும்மா வந்துவிடாது. 90 சதவீதத்துக்கு மேல் திறன் உள்ள ஃபர்னஸ்கள் புகையில் இருக்கும் ஆவியையே தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்கின்றன. மிச்சப் புகை ஆறிப்போய் வருவதால் பிளாஸ்டிக் குழாய் தாங்குகிறது. ஆனால் குழாய்க்குள்ளும் தண்ணீர் சேரும். அது ஃபர்னஸை நோக்கித் திரும்பி வடிய, அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். முன்பக்கம் நிற்கும் ஃபர்னஸிலிருந்து பின்பக்கச் சுவர் வரை 40 அடி என்றால் சரிவு மட்டுமே 10 அங்குலம். 7 அடிப் பேஸ்மென்ட்டில், உத்தரங்களுக்குக் கீழே, 10 அங்குலம் என்பது தலையில் இடிக்கும் விஷயம். பக்கச் சுவரில் துளை போட முடியாது, அது அடுத்தவர் வீடு. முன்பக்கம் துளை போடலாம் என்றால், பாதுகாக்கப்பட்ட தெருவாக இருந்தால் அந்த ஊரின் பாரம்பரியக் கட்டடக் குழு தெருவைப் பார்த்த முகப்பில் பெரும்பாலும் விடாது. விடாததும் நியாயம்தான் என்பேன். குளிர்காலம் முழுக்க நடைபாதையில் ஆவி கக்கும் குழாயை அந்த முகப்பில் எனக்கும் பார்க்கப் பிடிக்காது. மிச்சம் இருப்பது பின்பக்கம். அங்கேயும் ஜன்னல், கதவு, பக்கத்து வீட்டு எல்லை, பனி குவியும் உயரம் எல்லாவற்றிலிருந்தும் இவ்வளவு தள்ளி என்று அளவு இருக்கிறது. வேறெந்தக் கருவியும் அந்தச் சிம்னியைப் பயன்படுத்தவில்லை, தயாரிப்பாளரும் அனுமதிக்கிறார் என்றால், பழைய சிம்னிக்குள்ளேயே பிளாஸ்டிக் குழாயை மேலே கொண்டுபோவது நல்ல வழி. வாட்டர் ஹீட்டர் இன்னும் அதில் புகை விடுகிறது என்றால் இந்த வழி கிடையாது.

வடியும் தண்ணீரும் அமிலம்தான். பழைய வார்ப்பிரும்பு வடிகாலில் நேராக விட்டால் மெதுவாக அரித்துவிடும். சுண்ணாம்புக் கல் போட்ட சின்னக் குப்பி ஒன்றின் வழியாக விட்டால் போதும். கல் கரையக் கரைய நிரப்ப வேண்டும்.

அடுத்தது காற்று. சிம்னியில் புகை விடும் சாதாரணக் கேஸ் கருவிகள் எரிவதற்கு இருக்கும் இடத்தின் காற்றையே எடுத்துக்கொள்கின்றன. கேஸ் விதிகளில் ஒரு எளிய கணக்கு உண்டு: மணிக்கு 1,000 பி.டி.யு.வுக்கு 50 கன அடி இடம். என் பழைய ஃபர்னஸ் 80,000, வாட்டர் ஹீட்டர் 40,000, ஆகக் கூட்டினால் 1,20,000. அதற்கு 6,000 கன அடி வேண்டும். என் பேஸ்மென்ட்டோ 14 அடிக்கு 40 அடிக்கு 7 அடி, வெறும் 3,920 கன அடி. மாடிப்படிக் கதவைச் சாத்தினால் கணக்கு உதைக்கிறது. வீடு கட்டிய காலத்தில் ஜன்னல் இடுக்கெல்லாம் காற்று வந்தது, பிரச்சினை தெரியவில்லை. ஜன்னல்களை மாற்றி, இடுக்குகளை அடைத்து, பேஸ்மென்ட்டில் தடுப்புச் சுவர் எழுப்பி ஃபர்னஸுக்கு அழகாக ஒரு சின்ன அறை கட்டிவிட்டால் மூச்சுவிட இடமில்லாமல் போகிறது. அந்த அறைக் கதவில் மேலும் கீழும் திறப்புகள் வைத்து வீட்டின் மற்ற பகுதியோடு சேர்க்க வேண்டும், இல்லையென்றால் வெளியிலிருந்து காற்று கொண்டுவர வேண்டும்.

இதோடு உலர்த்தும் இயந்திரம், சமையலறைப் புகை விசிறி இரண்டும் வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகின்றன. அவை இழுக்கும் இழுப்பில் சிம்னியே தலைகீழாக ஓடலாம். கண்ணாடி வைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்யும்போது இவை எல்லாவற்றையும் ஓடவிட்டு, கதவு ஜன்னல்களைச் சாத்தித்தான் செய்ய வேண்டும். அப்போதுதான் மோசமான நாளில் என்ன நடக்கும் என்று தெரியும். இன்னொன்று: பேஸ்மென்ட்டில், ஃபர்னஸுக்குப் பக்கத்திலேயே, வீட்டுக் காற்றை ஃபர்னஸுக்குத் திருப்பிக் கொண்டுவரும் தகட்டுக் குழாயில் (டக்ட்) ஒரு கிரில் வெட்டி வைத்திருப்பார்கள், "கீழேயும் கொஞ்சம் காற்று சுற்றட்டும்" என்று. சிம்னிப் புகைக் கருவிகள் இருக்கும் இடத்தில் அது கூடவே கூடாது. ஃபர்னஸின் விசிறி (ப்ளோயர்) அந்த வழியாக அறைக் காற்றை இழுத்துச் சிம்னிப் புகையையும் சேர்த்து மேலே படுக்கையறைக்கு அனுப்பிவிடும். நான் பார்த்த முதல் வேலையே அதைத் தகடு வைத்து அடைத்ததுதான்.

ஃபர்னஸின் அளவைப் பற்றிச் சுருக்கமாக. நடு வீட்டில் வெப்பம் வெளியே போகும் இடங்கள் முக்கியமாக முன்சுவர், பின்சுவர், கூரைதான். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டின் கதகதப்பு. அதனால் சதுர அடியைப் பார்த்து மட்டும் அளவு சொன்னால் தேவைக்கு மேல் பெரிதாகத்தான் வரும். பெரிய ஃபர்னஸ் சீக்கிரம் சூடாக்கிச் சட்டென்று அணையும், மறுபடி எரியும், மறுபடி அணையும். பாகங்கள் தேயும், மேல்மாடிக்குச் சூடு போய்ச் சேரும் முன்பே கீழே தெர்மோஸ்டாட் போதும் என்றுவிடும். அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிடும் மேனுவல் ஜே என்ற முறை இருக்கிறது. அந்தக் கணக்கைத் தாளில் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது மாடி குளிர்கிறது என்று எல்லா வரிசை வீட்டுக்காரர்களும் சொல்வார்கள். சுவருக்குள் ஏறும் தகட்டு டக்ட் பெரும்பாலும் மூன்றேகால் அங்குலத்துக்கு 10 அங்குலம்தான், மூன்று மாடி ஏறும்போது தளர்ந்துவிடும். கீழே உள்ள கிரில்களை எல்லாம் சாத்தி மேலே தள்ளப் பார்ப்பது பலரின் வழி. அதில் காற்றோட்டம் குறைந்து, தீயின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் உலோகப் பாகமான ஹீட் எக்ஸ்சேஞ்சர் அளவுக்கு மீறிச் சூடாகும், பாதுகாப்பு சுவிட்ச் ஃபர்னஸை அணைக்கும். பேஸ்மென்ட்டில் டக்ட் பிரியும் இடத்தில் உள்ள தகட்டு வால்வுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சமன் செய்வதே சரி. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகச் சூட்டைக் கட்டுப்படுத்தும் கேஸ் ஃபர்னஸுக்கு ஆலிஸ் பார்க்கர் என்ற கறுப்பினப் பெண் 1919இல் காப்புரிமை வாங்கினார். நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் இதைச் சரியாக யோசித்திருக்கிறார் என்பதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. டக்ட் வேலை செய்யும்போது பழைய மூட்டுகளில் வெள்ளைக் காகிதம் போல ஏதாவது சுற்றியிருந்தால் கை வைக்காதீர்கள். அது நுரையீரலுக்கு ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பரிசோதனைக்குக் கொடுத்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றது.

அப்புறம் வருடாந்தரப் பராமரிப்பு. நாமே செய்ய வேண்டியதில் முதலாவது ஃபில்டர். காற்று போகும் திசையை அம்புக்குறி காட்டும், அதைப் பார்த்துப் போடுங்கள். ரொம்ப நெருக்கமான ஃபில்டர்தான் நல்லது என்று நினைத்து வாங்கினால் பழைய, குறுகிய டக்டில் காற்று திணறும். மெக்கானிக்கை டக்டில் உள்ள காற்றழுத்தத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலான ஃபர்னஸ்களின் பெயர்த்தகட்டில் அரை அங்குல நீரழுத்தம் வரைதான் போட்டிருக்கும். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதும் அதே தகட்டில் இருக்கும். அளந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

"பற்ற வைக்கிறது, சில நொடியில் அணைந்துவிடுகிறது" என்பது நான் அடிக்கடி கேட்கும் புகார். பெரும்பாலும் தீ எரிகிறதா என்று உணரும் ஃபிளேம் சென்சர்தான். பர்னர் வரிசையின் ஒரு ஓரத்தில், பீங்கான் அடிப்பாகத்தோடு நீட்டிக்கொண்டிருக்கும் பென்சில் ஈயக் கனத்துக் கம்பி. தீச்சுடர் கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும். அந்தக் கம்பி சுடரில் மூழ்கியிருக்கும்போது மைக்ரோ ஆம்பியர் கணக்கில் ஒரு சிறு மின்னோட்டம் ஓடுகிறது. அது வந்தால்தான் ஃபர்னஸைக் கட்டுப்படுத்தும் மின்பலகையான போர்டு "எரிகிறது" என்று நம்பும். கம்பியில் மெல்லிய வெண்படலம் படிந்துவிட்டால் மின்னோட்டம் குறையும், போர்டு கேஸை அடைத்துவிடும். மின்சாரத்தையும் கேஸையும் நிறுத்தி, ஒரே ஒரு திருகைக் கழற்றி, கம்பியை வெளியே எடுத்து, மெல்லிய ஸ்டீல் நாரால் மென்மையாகத் தேய்த்து, துணியால் துடைத்து மாட்டினால் பல சமயம் அதோடு சரியாகிவிடும். பக்கத்தில் இருக்கும், தீயைப் பற்ற வைக்கும் இக்னைட்டரைத் தொடாதீர்கள். அது எளிதில் உடையும், விரலின் எண்ணெய்ப் பசைகூட அதற்கு ஆகாது. ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல், சுடரின் நிறம் மஞ்சளாவது, ப்ளோயர் ஓட ஆரம்பித்ததும் சுடர் ஆடுவது, கேஸ் வாடை இவை எதிலும் நாம் கை வைக்கக்கூடாது. ஆள் வரும்வரை ஃபர்னஸ் அணைந்தே இருக்கட்டும்.

கோடையையும் மறக்காதீர்கள். இடமில்லாத வரிசை வீட்டில் ஏ.சி. காயிலை ஃபர்னஸின் தலையிலேயே ஏற்றி வைத்திருப்பார்கள். அதன் வடிகால் அடைத்தால் தண்ணீர் நேராக ஹீட் எக்ஸ்சேஞ்சர் மேல் சொட்டும். குளிர்காலத்தில் தெரியும் துரு ஜூலையில் பிடித்தது.

கடைசியாகக் கூரைக்கு மேல் நிற்கும் சிம்னித் தலை. மழையும் பனியும் முதலில் அடிப்பது அங்கேதான். கலவை உதிர்ந்த இடத்தைப் பூசும்போது கொத்தனார் வழக்கமான சிமென்ட்டைக் கொண்டுவந்தால் நிறுத்துங்கள். பழைய செங்கல் மென்மையானது. சிமென்ட் அதைவிடக் கடினமாக இறுகி, ஈரத்தை வெளியே விடாமல், உறைபனியில் செங்கலின் முகத்தையே பெயர்த்துவிடும். பழைய கட்டடங்களின் செங்கல் இடுக்குகளைப் பூசுவது பற்றி அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை வெளியிட்ட இரண்டாம் எண் பாதுகாப்புக் குறிப்பு இதைப் படங்களோடு விளக்குகிறது, இலவசமாகப் படிக்கலாம். நான் அதை அச்செடுத்து வைத்திருக்கிறேன். இந்த இலையுதிர் காலத்தில் எங்கள் சிம்னியின் மேல் வரிசைகளைப் பிரித்துச் சுண்ணாம்புக் கலவையில் மறுபடி கட்டப் போகிறோம். பொதுச் சிம்னி என்பதால் பக்கத்து வீட்டு அம்மா பாதிச் செலவு தருகிறார். கொத்தனாரிடம் கொடுக்க அந்த அச்சில் ஒரு படியை அவரும் வாங்கிக்கொண்டார்.